மூன்றாவது சிலிண்டர்

என் மனைவிக்கு மெதுவாக ஓட்டத் தெரியாது. மற்றபடி எங்களுக்குள் ஒரு குறையும் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அவள் சாவுக்குக் காரணம் என்று மெக்கானிக்கை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம். அந்த பெட்ரோல் கார் அவளுடையது. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கே பிரேக் இல்லை என்று தெரிந்தும், தரையை மிதித்துக்கொண்டே போவேன். எனக்கு ‘ஸ்பீட் பிரேக்கர்’ என்று பெயர் வைத்திருந்தாள். மாமனார், மாமியார் முன்னாலும் அதே பெயர்தான்.

“கொஞ்சம் மெதுவாப் போயேன்” என்பேன்.

“பயமா இருந்தா எறங்கி நடந்து வாங்க. நான் முன்னாடி போய் காபி போட்டு வைக்கிறேன்.”

கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேருந்தில் வேலைக்குப் போனேன். தினமும் அந்தப் பேருந்தை முந்திப் போய் எனக்குக் கையாட்டினாள்.

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. சொல்லித் திருந்தாததை அளந்து திருத்தலாம் என்று தோன்றியது. சர்வீசில் மெக்கானிக் நான்கு புது ஸ்பார்க் பிளக் மாட்டியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் குளித்து வருவதற்குள், மூன்றாவது பிளக்கை மட்டும் கழற்றினேன். அதன் நுனியில் நகக்கனத்துக்கு ஓர் இடைவெளி இருக்கும். பொறி அதைத் தாண்டினால்தான் பெட்ரோல் பற்றும். அந்த இடைவெளியை இன்னும் அரை மில்லிமீட்டர் விரித்து, திரும்ப மாட்டினேன். நிதானமாக ஓட்டினால் பொறி தாண்டிவிடும். ஓங்கி மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி, தாண்ட முடியாமல் போகும், வண்டி இருமும். பொறுமைசாலிக்கு அது குறையே இல்லாத வண்டி. நான் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை.

மறுநாள் அவள் சாவியை மேசைமேல் போட்டாள். “வண்டிக்கும் உங்க வியாதி தொத்திக்கிச்சு. மிதிச்சா முனகுது.”

மெக்கானிக் நல்ல மனிதர். அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஓட்ட, அவர் இன்ஜின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார, நான் பின்னால் இருந்தேன். காலி ரோட்டில் ஓங்கி மிதித்தாள். வண்டி நாலு தடவை இடறியது.

“மூணாவது சிலிண்டர் மிஸ் ஆகுதும்மா” என்றார் அவர். “காயிலாத்தான் இருக்கும்.”

பொறிக்கு மின்சாரம் தரும் காயில் ஒவ்வொரு பிளக்குக்கும் ஒன்று உண்டு. மூன்றாவதையும் முதலாவதையும் இடம் மாற்றிப் போட்டார். கோளாறு கூடவே முதலாவதுக்குப் போயிருந்தால் காயில்தான் குற்றவாளி. போகவில்லை. மூன்றாவதே இருமியது.

“அப்ப பிளக்கா இருக்குமோ, அண்ணே?” என்று கேட்டாள். கெட்டிக்காரி.

“பிளக் நான் மாட்டினதும்மா. புத்தம்புதுசு.” அவர் முகம் சுருங்கிவிட்டது. தான் மாட்டியதைத் தானே அவிழ்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். இருந்தாலும் கை ஸ்பேனரை நோக்கிப் போனது.

“புதுசைப் போய் எதுக்குக் கழட்டணும்?” என்றேன் நான்.

“சார் சொல்றது சரி” என்று கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு பெட்ரோல் பில்டரை மாற்றினார், பம்பைச் சோதித்தார். இப்படியே மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவள் அறுபதைத் தாண்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதல்முறையாக ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தேன். எங்கள் இல்லறத்தில் அதுதான் நல்ல காலம் என்று சொல்வேன்.

கடைசியாக, சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். சாயங்கால நெரிசலில் ஒரு சுற்று போய் வந்தார். அந்த நெரிசலில் யார் ஓங்கி மிதிக்க முடியும்? வண்டி பூப்போலப் போனது.

“சரியாயிடுச்சும்மா. இனிமே தாராளமா மிதிங்க” என்றார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

மறுநாள் காலை அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். நெடுஞ்சாலையில் தொண்ணூறு கிலோமீட்டர்.

“மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருப்பேன்” என்றாள். “ஸ்பீட் பிரேக்கர் சார் வேற ஏதாவது சொல்லணுமா?”

சொல்லியிருக்கலாம். பிளக் விரிந்துதான் இருக்கிறது, மிதிக்காதே என்று இரண்டு வார்த்தை. எப்படித் தெரியும் என்று கேட்பாள். அப்புறம் ஒரு வாரம் பேச மாட்டாள். “பார்த்துப் போ” என்றேன்.

ஒரு லாரியை முந்துவதற்காக எதிர்ப்பக்கத்துக்கு ஏறியிருக்கிறாள். எதிரே பேருந்து. முழுதாக மிதித்திருக்கிறாள். கார் வேகம் எடுக்காமல் இருமிக்கொண்டே இருந்தது என்று லாரிக்காரர் சொன்னதை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

பிளக்கை விரித்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மெக்கானிக்கை அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், ஐயா. கழற்ற வேண்டாம் என்று நான் சொன்னதும் அப்படியே விட்டுவிட்டார். அவளுடைய உயிர் அவர் கையில் இருந்தபோது, தொழில் தெரிந்த ஒரு மனிதர் என் பேச்சைக் கேட்கலாமா?