மேற்குச் சரிவில் கலப்பை ஏறுமுன்

அனைவரின் சொல்லுக்கும் காது கொடுத்து அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் நஸ்ருல்லோ அவர்களே! தாடி வெளுத்தும் தயவு வெளுக்காத பெரியோர்களே! எங்கள் தொட்டிலுக்கும் கடைசிப் பயணச் சந்தூக்குக்கும் ஒரே குரலில் துஆ ஓதும் முல்லா அவர்களே! சினார் மரத்து நிழலில் கம்பளம் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் என் நிசோரமோ அக்கா அவர்களே! நாளைக் காலை உழவுக்காக டிராக்டரைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருக்கும் தம்பி ஹோலிக் அவர்களே! அத்தனை பேருக்கும் தேனீ வளர்க்கும் ஷோதிமூரின் பணிவான சலாம்.

சுருக்கமாகப் பேசு என்றார் தலைவர். சுருக்குகிறேன். துக்கத்தை மட்டும் சுருக்கிச் சொல்ல எனக்கு வராது, அதற்கு மன்னிக்க வேண்டும்.

கண்ணிவெடிகளை எடுத்து முடித்து, இந்த வசந்தத்தில்தான் மேற்குச் சரிவு நம் கைக்குத் திரும்பியது. நாளை அதை உழுது, கோதுமை தூவி, வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளப் போகிறோம். அந்தச் சரிவின் அடியில், எங்கோ ஓரிடத்தில், நிசோரமோ அக்காவின் ஒரே மகன் அல்மாஸ் கிடக்கிறான். அவன்மேல் கலப்பை ஏறக்கூடாது என்று கேட்கத்தான் நான் இங்கே ஏறி நிற்கிறேன்.

என்ன? பின்வரிசையில் யாரது? உன் தேனீக்குப் பூ வேண்டும், அதை நேராகச் சொல் என்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்விதான். கோபமில்லை. ஜூன் மாதம் பிறந்தால் என் பெட்டிகளை அந்தச் சரிவின் ஓரத்தில்தான் வைத்துவந்தேன். சபை அறியச் சொல்கிறேன், இனி ஒரு பெட்டியும் அந்தப் பக்கம் போகாது. ஆற்றங்கரையில் குதிரைமசால் தீவன வயல் இருக்கிறது, என் தேனீப் பிள்ளைகளுக்கு அது போதும். இப்போது பேசலாமா? நன்றி.

அன்பர்களே, நம் மலைக்கு மணிப்பூ ஒன்றா, இரண்டா? பாறை வெடிப்பில் ஒரு சொட்டு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறதே, அது ஒரு மணிப்பூ. ஓடையோரத்தில் புதரைச் சுற்றி ஏறி, தொட்டால் நாறி, குனிந்து உள்ளே பார்த்தால் மஞ்சளும் நீலமுமாய்க் கோலம் போட்டு வைத்திருக்கிறதே, அதுவும் மணிப்பூ. புல்வெளியில் ஆட்டுக்குட்டியின் வாய்க்கு எட்டும் உயரத்தில் ஆடுகிறதே, அதுவும் மணிப்பூ. கிழிந்த துணிபோல இதழ் மெலிந்து கதிர் கதிராய் நிற்கிறதே, மணி வடிவமே இல்லாத அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். இவற்றின் சொந்தங்கள் கடல் நடுவே தீவுகளில் மரமாக நிற்கின்றனவாம், நம் பள்ளி ஆசிரியர் சொன்னார். முகம் வேறு, மணம் வேறு, குணம் வேறு, குடியிருக்கும் இடம் வேறு. ஆனால் ஒடித்துப் பாருங்கள், நம் மலையில் இருப்பவை எல்லாவற்றிலும் பால் வடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தேனீக்காரன் கண்ணால் கண்டது. இந்தப் பூக்கள் விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே, தம்மிடமுள்ள மகரந்தத்தை எல்லாம் நடுத்தண்டில் பூசி, வருகிறவனுக்கு எடுத்து வைத்துவிடும். கொடுத்து முடித்த பிறகுதான் தமக்கென்று வாங்க வாய் திறக்கும். என் தேனீக்கள் சாயங்காலம் பெட்டிக்குத் திரும்பிவிடும். வீடில்லாத காட்டுத்தேனீக்கு மழை வந்தால் இந்த மணிக்குள்தான் படுக்கை. எத்தனையோ காலைகளில் அவை உள்ளே சுருண்டு தூங்குவதைப் பார்த்து, தண்டை அசைக்காமல் நடந்திருக்கிறேன்.

உழவைப் பேச வந்தவன் பூவைப் பேசுகிறானே என்கிறீர்களா? அல்மாஸின் கபுருக்குக் கல் இல்லை, கட்டை இல்லை, பெயர் இல்லை, ஐயா. பூ ஒன்றுதான் அடையாளம்.

சண்டைக் காலத்தை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நாமெல்லாம் ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டோம், ஊர் காலியாகக் கிடந்தது. அம்மாவைத் தேடி அல்மாஸ் மலை வழியாக ஊருக்கு வந்தான். கூட ஒரு சிநேகிதன், பருத்தி விளையும் சமவெளியில் பிறந்த இமாம்நசர். ஊர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் குண்டு பாய்ந்தது. விடியும்போது அல்மாஸ் போய்விட்டான். இமாம்நசர் ஒரு கத்தியாலும் கையாலும் குழி தோண்டி, நண்பனை மூடிவிட்டு, உயிர் பிழைக்க ஓடினான். அதே வருஷம் மேற்குச் சரிவில் யாரோ கண்ணி புதைத்தார்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை அங்கே நின்றது.

சண்டை ஓய்ந்து நாம் திரும்பியபின், ஒரு பனிக்காலத்தில் இமாம்நசர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் அல்மாஸின் குல்லா. எங்கேப்பா என்று கேட்டாள். பனி மூடிக் கிடக்கிற மலையில் எதைக் காட்டுவான் அவன்? நான்கு பக்கமும் ஒரே வெள்ளை.

“பூ இருந்த எடம்மா. வெளிர் ஊதா. மணி மாதிரி இருந்துச்சு. தண்டு ஒடிஞ்சா பால் வந்துச்சு” என்றான்.

கேட்டீர்களா? அவன் சொன்னது ஒரு பூவின் அடையாளமா? ஒரு குடும்பத்தின் அடையாளம் அல்லவா? பருத்திப் பூ ஒன்றையே பார்த்து வளர்ந்த பையனுக்கு அது தெரியாது. பெரிய பூவா, சின்னப் பூவா என்று அக்கா கேட்டால், வண்டிக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவான். அப்புறம் அவனும் நம் ஆண்பிள்ளைகளைப் போலத்தான், பனி உருகும் முன்னே மாஸ்கோவுக்குச் சுமை தூக்கப் போவான், பனி விழுந்த பின்னே வருவான். பூ இருக்கும்போது அவன் இல்லை, அவன் இருக்கும்போது பூ இல்லை. இப்படியே வருஷங்கள் ஓடின.

அக்கா ஒருத்தியாகத் தேடினாள். பாறை வெடிப்புகளில் தேடினாள். பாறையில் யாராவது குழி தோண்டுவார்களா என்று கேட்டோம், அப்படியும் தேடினாள். புல்வெளியில் முட்டிபோட்டுத் தேடினாள். ஓடையோரத்து நாற்றப்பூவின் பக்கத்தில் மண் கொஞ்சம் மேடாக இருக்கவே, இங்கேதான் இருப்பான் என்று கோடைதோறும் அங்கே போய் உட்கார்ந்தாள். வீடு திரும்பும்போது உடுப்பெல்லாம் அந்த நாற்றம் வரும். இந்த ஊர் அவளுக்கு என்ன பெயர் வைத்தது என்று எல்லோருக்கும் தெரியும், அதை மேடையில் சொல்ல மாட்டேன். மேற்குச் சரிவில் இருக்குமோ என்று நானே ஒருமுறை கேட்டேன். “நான் கால் வைக்க முடியாத எடத்துல அல்லா என் புள்ளைய வச்சிருக்க மாட்டான்” என்றாள்.

இந்த வருஷம் இரண்டு காரியம் நடந்தது. சரிவிலிருந்து சிவப்புப் பலகையைப் பிடுங்கினார்கள். கண்ணி எடுத்தவர்களிடம் அக்கா போய்க் கேட்டாள். அவர்கள் கருவி இரும்புக்குத்தான் கத்துமாம், எலும்புக்குக் கத்தாதாம். இரண்டாவது, இமாம்நசர் மாஸ்கோவில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, காலொடிந்து, இனி வேலைக்கு ஆகமாட்டான் என்று ஊருக்கு அனுப்பப்பட்டான். முதல்முறையாக ஜூன் மாதத்தில், கைத்தடி ஊன்றி, அக்கா வீட்டுக்கு வந்தான். தேன் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

அக்கா விரிப்பை விரித்தாள். தேநீர் ஊற்றினாள். ரொட்டியைப் பிட்டு அவன் முன் வைத்தாள். பிட்டு வைத்த ரொட்டியைத் தொடாமல் எழுந்தால் அந்த வீட்டோடு உறவு முறிந்தது என்று அர்த்தம், இது நம்மில் குழந்தைக்கும் தெரியும். அவன் தொடவில்லை. ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா கோவம் என் மேல?” என்றாள்.

அவன் அழுதான். நரைத்த மீசைக்காரன், தேம்பித் தேம்பி அழுதான்.

“அவனுக்குக் குழி தோண்டுறப்ப ஒரு கெழங்கு வெட்டுப்பட்டுச்சும்மா. என் முழங்கை தண்டி. பாலா ஊத்துச்சு. சாப்பிட்டு நாளாகியிருந்துச்சு. மண்ணைத் தொடச்சிட்டுத் தின்னுட்டேன். அவன் பக்கத்துலயே கெடந்தான், மூடக்கூட இல்ல. தின்னுட்டுத்தான் மூடினேன். கபுருல எடுத்துத் தின்னவன்மா நான். பூவைப் பத்தி நீங்க கேக்குறப்பல்லாம் அந்தக் கெழங்குதான் தொண்டையில வந்து நிக்கும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?”

தாய்மார்களே, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? விரிப்பை மடக்கியிருப்பீர்களா? வெளியே போ என்றிருப்பீர்களா? அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள்.

“இனிப்பா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சும்மா.”

“அப்ப என் புள்ள உன்ன வெறும் வயித்தோட அனுப்பல. அவன் ஊருக்கு வந்த விருந்தாளி நீ. சாப்பாடு போட்டுட்டுத்தான் படுத்திருக்கான். ரொட்டிய எடுத்துக்க.”

அவன் எடுத்துத் தின்றான். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன், எனக்கு அழுகை அடங்கவில்லை.

முழங்கை தண்டிக் கிழங்கு! நம் மலையின் மணிப்பூக்களில் எதற்கு உண்டு அது? பாறைப்பூவுக்கு உண்டா? புல்வெளிப்பூவுக்கு உண்டா? நெஞ்சுயரம் நிமிர்ந்து, தேநீர்க் கிண்ணம் அகலத்துக்குப் பூக்கிறதே, மேற்குச் சரிவின் பெரிய மணிப்பூ, அது ஒன்றுக்குத்தான் உண்டு. அந்த ஒரு சொல்லை வெட்கம் விழுங்கி வைத்திருந்த காலமெல்லாம், ஒரு தாய் நாற்றப்பூவுக்கு ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மூவரும் சரிவுக்குப் போனோம். இடத்தைக் குறிக்க ஒரு மல்பெரிக் கழியை அக்கா கையில் கொண்டுவந்தாள். இதுவரை ஓரத்தில் மட்டுமே நின்றிருந்த நான் உள்ளே ஏறிப் பார்த்தால், ஐயோ, என்னவென்று சொல்வேன்! ஆடு மேயாமல், மண்வெட்டி படாமல், மனிதன் மிதிக்காமல் கிடந்த சரிவில் அடிமுதல் முடிவரை பெரிய மணிப்பூ. நூறா, இருநூறா, எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கண்ணிவெடி காவல் காத்து வளர்த்த பூக்கள் அவை.

இமாம்நசர் கைத்தடியோடு அங்குமிங்கும் திரும்பினான். “அன்னிக்கு இங்கொண்ணு அங்கொண்ணுதாம்மா இருந்துச்சு” என்று சொல்லி, அப்படியே உட்கார்ந்துவிட்டான். எந்தப் பூ? எந்த மண்? அவனுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கழியைக் கீழே போட்டாள். முதல் பூவின் அடியில் உட்கார்ந்து, இங்கயா படுத்திருக்க என்று கேட்டு, ஃபாத்திஹா ஓதினாள். எழுந்தாள். அடுத்த பூவுக்குப் போனாள். இங்கயா என்று கேட்டாள், ஓதினாள். வெயில் ஏறியது. நாங்கள் போகலாம் என்றோம். எதுல அவன் இருக்கானோ, அதை நான் விட்டுட்டுப் போயிட்டா என்ன செய்ய என்றாள். கடைசிப் பூவரைக்கும் ஓதிவிட்டுத்தான் இறங்கினாள்.

தலைவர் அவர்களே, போன வாரம் நீங்கள் பெருந்தன்மையோடு சொன்னீர்கள், ஒரு கபுருக்கு வேண்டிய இடத்தைக் காட்டு, அதைச் சுற்றிக்கொண்டு உழுகிறோம் என்று. உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். ஆனால் காட்ட முடியவில்லையே! இப்போது போய்ப் பாருங்கள், அங்கே பூ இல்லை, இலை இல்லை, தண்டு இல்லை. கோடை நடுவிலேயே எல்லாம் காய்ந்து உதிர்ந்து, கிழங்கு மட்டும் ஆழத்தில் உறங்குகிறது. பார்க்கிறவனுக்கு வெறும் மண், உழுது போடு என்று அழைக்கிற மண். எந்த ஆறடி என்று காட்ட முடியாதவன் முழுச் சரிவையும் கேட்பதைத் தவிர வேறு என்ன செய்வேன்?

தம்பி ஹோலிக் ஏதோ சொல்கிறாரே. சத்தமாகவே சொல்லுங்கள். செத்தவனுக்குச் சரிவைக் கொடுத்துட்டா இருக்கிற பிள்ளைகளுக்கு ரொட்டி யார் தருவா என்கிறீர்களா? உங்களைக் குறை சொல்ல மாட்டேன். போன பனிக்காலத்தில் உங்கள் வீட்டு மாவு தீர்ந்ததும், அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். அந்தச் சரிவில் எனக்கும் ஒரு பங்கு விழுந்திருக்கிறது. என் வீட்டிலும் வயிறுகள் இருக்கின்றன. கோதுமை வேண்டாம் என்று சொல்ல நான் வசதிக்காரன் அல்ல.

ஆனாலும் கேட்கிறேன். நம் பிள்ளைகள் ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கும்போது, எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்டால் என்ன சொல்வோம்? கலப்பை முனையில் ஏதோ தட்டுப்பட்டால், டிராக்டரை நிறுத்துவோமா, நிறுத்தாமல் போவோமா? நிறுத்தினால் அந்தத் தாயை எந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடுவோம்? நிறுத்தாமல் போனால் வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவோம்?

விவாதம் போதும். தலைவர் அனுமதித்தால் நானே கேட்டுவிடுகிறேன். மேற்குச் சரிவை நாளைக் காலை உழத்தான் வேண்டும் என்கிறவர்கள், மனதாரக் கை தூக்குங்கள். யாரும் யாரையும் ஏச மாட்டோம். தூக்குங்கள்.

பெரியோர் பக்கம் ஒரு கையும் இல்லை. வாலிபர்கள் பக்கம் இல்லை. ஹோலிக்கின் கைகள் மடியில் இருக்கின்றன.

தாய்மார்கள் பக்கம் ஒரு கை தெரிகிறது. யார் அது? கொஞ்சம் விலகுங்கள், அம்மா.

அக்கா.

நிசோரமோ அக்கா, நீங்களா?

சபையோர்களே, அவள் சொல்வது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். “உழுங்கப்பா. புள்ளைங்க சாப்பிடட்டும். அல்மாஸ் ஒண்ணும் சொல்ல மாட்டான்” என்கிறாள்.

அக்கா, கையை இறக்குங்கள். இந்த ஒரு கையை மட்டும் எண்ண எனக்கு மனம் வரவில்லை. கையை இறக்குங்கள் அக்கா, உங்கள் காலில் விழுகிறேன்.

இத்தோடு முடித்துக்கொள்கிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும், குறுக்கே கேள்வி கேட்ட தம்பிகளுக்கும் என் நன்றி. தீர்ப்பைத் தலைவர் கையில் ஒப்படைக்கிறேன். உங்கள் அனைவர் வீட்டிலும் அடுப்பு அணையாதிருக்கட்டும், வெளியே போன பிள்ளைகளெல்லாம் உயிரோடு திரும்பி வரட்டும். சலாம்.