கறிவேப்பில வாங்கப் போனவன்

பயப்புடாதீங்க சேர், அது எங்கட உம்மாதான் சிரிக்கிற. இருங்க, இருங்க. கதிரைய இஞ்சால இழுத்துப் போடுங்க, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். மாமா இப்ப வந்துருவாரு. வீட்டு உறுதிக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க ரெண்டு பேரக் கூட்டிட்டு வரத்தான் போயிரிக்காரு. அதுக்குள்ள நீங்க பிளேன்டியக் குடிங்க.

இல்ல சேர், ஒண்டுமில்லாததுக்குச் சிரிக்கல்ல. ஆரு ஒங்களுக்கு அப்பிடிச் சொன்ன? உம்மா சும்மா சிரிக்கிற ஆளில்ல. தாழம்பூ ஸ்டோர்ஸ் எண்டு ஒரு சீரியல் போகுது. அதுல இப்ப ஒரு ஓட்டோ போயிரிக்கும். ஓட்டோக்குப் பின்னால கனகவல்லி துணை எண்டு எழுதியிரிக்கும். அதுக்குத்தான் இந்தச் சிரிப்பு.

வெளங்கல்லயா? நீங்க சீரியல் பார்க்கிற இல்லயாக்கும். ஒங்கட வீட்டுல பார்ப்பாங்க, கேட்டுப் பாருங்களன்.

சரி, நானே சொல்றன். முதல்ல வேப்பமரத்து வீடு எண்டு ஒரு சீரியல் போன. நான் சின்னப் புள்ளயா இரிக்கக்குள்ள தொடங்கி வருசக்கணக்காப் போன. அதுல வாற மாமியார்தான் கனகவல்லி. மருமகள்ட பாலுக்குள்ள மருந்து கலக்கிற, கலியாணத்தண்டு தாலிய ஒளிக்கிற, எல்லாம் அந்த மனிசிதான். அது முடிஞ்ச பொறகு அதே ஆக்கள்தான் இந்தத் தாழம்பூ ஸ்டோர்ஸ எடுக்கிறாங்க. இது வேற கத, வேற குடும்பம். ஆனா பழசப் பார்த்த ஆக்களுக்கெண்டு அங்க இஞ்ச எதயாவது ஒளிச்சி வெச்சிருவாங்க. இப்பப் பாருங்க, சாமிட பேர எழுதுற எடத்துல அந்தப் பொல்லாத மாமியார்ட பேர எழுதிட்டாங்க. பழசப் பார்க்காத ஆளுக்கு அது வெறும் ஓட்டோ. பார்த்த ஆளுக்குத்தான் சிரிப்பு வரும். அதுவும் கண் சிமிட்டுறதுக்குள்ள ஓட்டோ போயிரும். நீங்க சொல்லுங்க சேர், புத்தி சரியில்லாத மனிசிக்கு அது புடிபடுமா?

எனக்கு எப்பிடித் தெரியுமா, இஞ்ச இரிந்துக்கிட்டே? ராத்திரிப் போனதத்தான் பகல்ல திரும்பப் போடுறாங்க. ராத்திரியும் உம்மா இதே எடத்துலதான் சிரிச்சா.

ம்... ஓம் சேர். ராத்திரிப் பார்த்தது உம்மாக்கு ஞாபகமில்லதான். புதுசாப் பார்க்கிற மாதிரித்தான் பார்க்கிறா. நீங்க கேட்டதால சொல்றன், எனக்குப் பொய் சொல்ல வராது. அதுக்குத்தான் மாமா போகக்குள்ள சொல்லிட்டுப் போனவரு, நீ வாயத் தொறக்காம பிளேன்டிய மட்டும் ஊத்திக் குடுடி எண்டு. இந்தா, எங்கட மூத்தவ முஸ்பிறா ராத்தாவும் திரைக்குப் பின்னால நிண்டுக்கிட்டு எனக்குக் கண்ணக் காட்டுறா. என்ன ராத்தா? நான் என்ன இல்லாததயா சொல்லிட்டன்? சேர் கேக்கிறாரு, நான் சொல்றன்.

அவக்குப் பயம் சேர். வீட்ட அவட பேருக்கு மாத்துற இந்த உறுதிய நீங்க எழுதாட்டி அவட நிக்காஹ் இல்ல. வாற வெள்ளிக்கிழம வெச்சிரிக்கி. மாப்புளக்கு ஊர் மருதமுன, இன்பாஸ் எண்டு பேரு, நல்ல புள்ளதான். அவர்ட ஆக்கள் ஒரே சொல்லாச் சொல்லிட்டாங்க, வீடு முதல்ல புள்ளட பேருக்கு வரட்டும், மறுகா நிக்காஹ் எண்டு. அவங்களயும் குத்தம் சொல்ல ஏலா. அவங்கட பொம்புளப் புள்ளைக்கு அவங்களும் அப்பிடித்தானே குடுத்தாங்க. நம்மட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்கு, மாப்புள வந்து ஏறுற. இந்த வீட்ட உம்மாக்கு அவட உம்மா குடுத்த. வாப்பா மௌத்தாகாம இரிந்திருந்தாலும் இதுல அவர் கையெழுத்துப் போட ஏலா. உம்மாதான் வைக்கணும்.

முந்தியே எழுதியிரிக்கலாம்தான். நீங்க சொல்றது சரி. ஆனா இந்தச் சாய்ந்தமருதுல ஆரு சேர் முந்தி எழுதுற? எல்லாரும் கலியாணக் கிழமதான் ஒங்கள மாதிரி நொத்தாரிஸ்மாரத் தேடி ஓடுற. உம்மாவே சொல்லுவா, உறுதிய முந்திக் குடுத்துட்டா என்ட குசினியிலயே நான் விருந்துக்கு வந்த ஆளாப் போயிருவன், மாப்புள வாற கிழம பாத்துக்குவம் எண்டு. இப்ப மாப்புள வாற கிழம வந்துட்டு. உம்மாக்கு அதுக்கு முதல் ஸ்ட்ரோக் வந்துட்டு.

டொக்டரா? டொக்டர் என்ன சொல்லுவாரு, சிலது திரும்பி வரும், சிலது வராது, பொறுத்துப் பாருங்க எண்டாரு. எது வரும், எது வராது எண்டு கேட்டன். அது அவருக்கும் தெரியாதாம். அத முதல்லயே சொல்லியிரிக்கலாம்.

ஆனா நான் ஒண்டு சொல்றன், கேளுங்க சேர். மாமா வாறதுக்குள்ள சொல்லிர்றன். ஆஸ்பத்திரியால உம்மாவக் கொண்டு வரக்குள்ள வாய் ஒரு பக்கம், பேச்சில்ல. கண்ணத் தொறந்து முகட்டப் பார்த்துக்கிட்டுக் கெடந்தா. எல்லாரும் வந்து ஓதிட்டுப் போனாங்க. நான் பார்த்தன், முகட்டப் பார்க்கிற கண்ணு டிவியப் பார்த்தா என்ன எண்டு கட்டிலத் திருப்பிப் போட்டன். ராத்தா ஏசினா, உம்மா மௌத்தாகக் கெடக்கா, ஒனக்குச் சீரியல் கேக்குதாடி எண்டு. நான் காதுல எடுக்கல்ல.

வேப்பமரத்து வீட்டுல சிங்காரம் எண்டு ஒரு வேலக்காரன் இரிந்தான் சேர். ஒரு நாள் கனகவல்லி அவனக் கறிவேப்பில வாங்கிட்டு வா எண்டு கடைக்கு அனுப்பினா. போனவன் போனவன்தான், திரும்பி வரவேயில்ல. நடிச்ச ஆள் வேற டிவிக்குப் போயிட்டானோ என்னமோ. வீட்டுல ஒரு ஆளும் எங்கடா சிங்காரம் எண்டு கேக்கவுமில்ல. உம்மாக்கு அது பெரிய கவல. ஒவ்வொரு முற கனகவல்லி குசினிக்குள்ள போகக்குள்ளயும் சொல்லுவா, பாரு புள்ள, கறிவேப்பில இல்லாமலே ஆக்கிறாள் எண்டு. வருசக்கணக்கா அது எங்கட வீட்டுப் பகிடி. மாமா கடைக்குப் போய்ச் சுணங்கினாலும் சிங்காரம் வந்துட்டாரா எண்டுதான் கேப்பா.

அப்ப நான் கட்டிலத் திருப்பிப் போட்டு ரெண்டு மூணு நாள் இரிக்கும். தாழம்பூ ஸ்டோர்ஸ்ல சந்தையக் காட்டுறாங்க. முன்னால கதாநாயகி அழுதுக்கிட்டுப் போறா. பின்னால, நல்லாப் பின்னால, ஒரு மரக்கறிக் கடையில ஒரு ஆள் கையில ஒரு கட்டுக் கறிவேப்பிலயோட நிண்டு வில கேக்கிறான். சிங்காரம்! நான் வாயத் தொறக்க முதல் கட்டில்ல இரிந்து சத்தம் வருது: இவன் இன்னும் வீட்ட போகல்லயா?

வல்லாஹி சேர், அதுதான் ஸ்ட்ரோக் வந்த பொறகு உம்மா கதைச்ச முதல் கத. சொல்லு குழறித்தான் வந்த, ஆனா வெளங்கின. நானும் ராத்தாவும் கத்தின கத்துல பக்கத்து வளவு ஆக்கள் மௌத்தெண்டு நெனச்சி ஓடி வந்துட்டாங்க. மாமா ஏழைகளுக்குச் சதக்கா குடுத்தாரு. சட்டத்துல சீரியல் இல்லதான், எனக்குத் தெரியும். ஆனா மூளையில்லாத ஆளுக்கு இப்பிடி வருமா?

சிரிக்காதீங்க சேர். ராத்தாவும் இப்பிடித்தான் சிரிக்கிற. இந்த மூளைய ஓ.எல் சோதினையில காட்டியிரிந்தா நீ இப்ப ஏ.எல் படிச்சிட்டிருப்பாய் எண்டு நக்கலடிப்பா. பாஸ்தான் சேர் நான். போகாம நிண்டது வேற. ராத்தாக்குக் கலியாணம் பேசிட்டாங்க, அவ தையலும் தைக்கணும், அப்ப உம்மாவோட ஆரு இரிக்கிற? மாமா என்னப் பார்த்தாரு. நான் ஸ்கூல் பேக்கக் கழட்டி அலுமாரிக்கு மேல போட்டன். அவ்வளவுதான், அதுல ஒண்டுமில்ல.

பாருங்க, போன கிழம ரெண்டு சீரியலயும் ஒண்டாச் சேர்த்துப் போட்டாங்க. தாழம்பூ வீட்டுக் கலியாணத்துக்கு வேப்பமரத்து வீட்டாக்கள் வேன்ல வந்து எறங்குறாங்க. ஒரே முற்றத்துல எத்தனயோ பேர், எல்லாரும் பட்டுச் சேல, எனக்கே ஆரு ஆரெண்டு குழம்பிட்டு. உம்மா குழம்பல்ல. எறங்க எறங்கச் சொல்றா, இவ அந்த வீட்டாள், இவன் இந்த வீட்டாள், இவளக் கனகவல்லிக்குப் பக்கத்துல இருத்தாதீங்கடா, பந்தியில சண்ட வரப் போகுது எண்டு. சண்டயும் வந்த. ஆரு எந்த வீட்டு ஆள் எண்டு உம்மாக்கு ஒரு ஆளயும் மாறல்ல சேர். அதத்தான் சொல்ல வந்தன்.

அது டிவி, இது வீடெண்டு சொல்றீங்க. ஓம்.

மாமா பழக்கித்தான் வெச்சிரிக்காரு. நான் மறைக்கல்ல. ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு வந்து கேப்பாரு, வீட்ட ஆருக்குக் குடுக்கிற சுலைஹா? முஸ்பிறாக்கு எண்டு உம்மா சொல்லுவா. மனசோட குடுக்கிறயா? ஓம். சரியாத்தான் சொல்றா. ஆனா உம்மா இப்ப எல்லாத்துக்கும் ஓம்தான் சேர். இந்தக் கடல எழுதிக் குடுக்கிறயா எண்டு கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவா. அப்பிடியெண்டு முஸ்பிறாக்குக் குடுக்க அவக்கு விருப்பமில்ல எண்டு ஆகுமா? ராத்தா பொறந்த நாளிலயிரிந்து இது முஸ்பிறாட வீடு, முஸ்பிறாட வீடு எண்டு சொல்லிச் சொல்லித்தான் பின்பக்கம் அறையயும் கட்டினா. அது பழசு. பழசெல்லாம் இரிக்கி உம்மாட்ட. அதத்தான் நான் ஒங்களுக்கு வெளங்கப்படுத்தப் பார்க்கிறன், எனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல. புதுசுதான் நிக்குதில்ல. பழசு ஒண்டும் போகல்ல.

எனக்கா? எனக்கென்ன. உறுதி எழுதினா நானும் உம்மாவும் குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போற. டிவி எங்க வைக்கிற எண்டுதான் யோசன, அங்க அன்டெனா வயர் எட்டாது. மாப்புளட்டக் கேக்கணும். எழுதாட்டி ராத்தா இப்பிடியே திரைக்குப் பின்னால நிப்பா, உம்மாட கையெழுத்துக்கு வேற வழி தேடிக் கோட்டுல வழக்குப் பேசணும், அது முடியக்குள்ள இன்பாஸ் வேற எடத்துல முடிச்சிப் பேரனும் கண்டுருவாரு. நான் என்ன சேர் செய்யிற? எழுதுங்க எண்டு சொல்லவும் எனக்குப் பயமா இரிக்கி, எழுதாதீங்க எண்டு சொல்லவும் ஏலா. நீங்க ஒரு ஆள்தான் சரி எது, பிழ எது எண்டு தெரிஞ்ச ஆள். அதுதான் எல்லாத்தயும் ஒங்கட தலையில கொட்டுறன்.

மோட்டர் சைக்கிள் சத்தம் கேக்குது. மாமாவாத்தான் இரிக்கும்.

நீங்க தனியக் கேக்கப் போறீங்களா? போங்க சேர், செருப்போடயே போங்க. டிவிய மறைச்சிக்கிட்டு மட்டும் நிக்காதீங்க, ஏசிருவா. பேரக் கேளுங்க, சொல்லுவா. வாப்பாட பேரக் கேளுங்க, சொல்லிட்டு அழுவா. எத்தன புள்ள எண்டு கேளுங்க, ரெண்டும் பொம்புளப் புள்ள எண்டு சரியாச் சொல்லுவா. ராத்தாவக் காட்டிக் கேளுங்க, டக்கெண்டு சொல்லுவா.

என்னக் காட்டி மட்டும் கேட்டுராதீங்க. அவட சின்ன மகள் இன்னும் ஸ்கூலால வரல்ல சேர். மூணாம் வகுப்பாம், முன்பல்லு ரெண்டும் இல்லயாம். பின்னேரமானா கேற்றப் பார்த்துக்கிட்டே இரிப்பா. நான் வீட்டுல ஒத்தாசைக்கு நிக்கிற ஆரோ ஒரு புள்ள. நல்ல புள்ளயாம், ராத்தாட்டச் சொல்லியிரிக்கா. மஃரிபுக்குப் பாங்கு சொன்னொண்ண என்ட கையப் புடிச்சிச் சொல்லுவா, இருட்டுது மகள், நீ ஒங்கட வீட்ட போ, ஒங்கட உம்மா தேடுவா எண்டு. நானும் ஓம் எண்டு சொல்லிட்டு, அவ பார்க்கத்தக்கனயாச் செருப்பப் போட்டுக்கிட்டு முன் கேற்றால வெளியே போய், மதிலச் சுத்திக் குசினிப் பக்கத்தால உள்ள வாறன்.