பட்டனை அமுக்குனா எது தொறக்கணும்?

அதுக்காக வீட்டையே ரெண்டாக்குவாங்களா தம்பி, நீங்களே சொல்லுங்க! கம்ப்யூட்டர் ஆன் ஆகுறதுல என்ன சண்டை வேண்டிக் கெடக்கு? ரிப்பேருக்குத்தான் உங்க கடைக்குத் தூக்கிட்டு வந்தேன், ஆனா இருங்க இருங்க, ஸ்குரூவைக் கழட்டாதீங்க, மொதல்ல கேளுங்க.

வீட்ல இருக்குறது இது ஒண்ணுதான். உள்ள ரெண்டு சிஸ்டம், ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். எங்க வீட்டுக்காரர் மொழிபெயர்க்குறாரு, அவருக்கு ஒண்ணு. பொண்ணு கட்டட வரைபடம் போடுறா, அவளுக்கு ஒண்ணு. பட்டனை அமுக்குனா, 'எது வேணும்?'னு கறுப்பா ஒரு திரை வந்து கொஞ்சநேரம் நிக்கும். யாரும் தொடலைன்னா அவரோடது தொறந்துக்கும். நல்லாத்தானே இருந்துச்சு?

அவருக்குப் பொறுக்கலை. எப்பவும் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி நிக்கிற மனுசன். கொழம்பு வர்றதுக்குள்ள பாதி சோத்தைத் தின்னுடுவாரு! 'தெனம் தெனம் என்னைய எதுக்கு அது கேள்வி கேக்கணும்?'னு அந்தத் திரையையே எடுத்துட்டாரு. அமுக்குனா... டக்குனு அவரோடது! 'பாத்தியா வேகத்தை?'ன்னு என்கிட்ட ஒரே பெருமை.

அன்னிக்கின்னு பாத்து பொண்ணுக்கு வேலைக்கு நேர்காணல். வீடியோவுல வரைபடத்தைக் காட்டணும். ஆன் பண்றா, அப்பாவோடது வருது. அணைச்சு மறுபடி போடுறா, அதேதான். புள்ளை அழுதுகிட்டே எல்லா பட்டனையும் தட்டுறா. 'அப்பா, தப்பான ஊருக்குப் போற பஸ்ல ஏத்திவிட்டுட்டு, வேகமாப் போகுது பாருங்குறீங்களே!'ன்னா. மனுசன் மொகம் செத்துப்போச்சு. அவரே அந்த ஆபீசுக்குப் போன் போட்டு, 'என் அவசரத்தால என் பொண்ணுக்கு லேட்டாச்சுங்க'ன்னாரு. அவங்க சிரிச்சுட்டு மத்தியானம் வீடியோவுல வரச் சொன்னாங்க. அதுக்குள்ள இவரே அந்தத் திரையைத் திரும்பக் கொண்டாந்துட்டாரு. வேலையும் கெடச்சுது, ஆமா!

அதோட விட்டாளா? 'இனிமே யாராவது தேர்ந்தெடுக்குற வரைக்கும் அது காத்திருக்கட்டும்'னு மாத்திவெச்சுட்டா.

அப்புறம் அவரு வெளியூர் போனாரு. அங்கிருந்தே ஒரு இரவல் லேப்டாப்ல, நெட் வழியா இதுக்குள்ள பூந்து வேலை பாப்பாரு. நானும் பொண்ணும் என் தங்கச்சி வீட்ல இருக்கோம். கரண்டு போயி வந்துச்சு. இது தானா எந்திரிச்சு, 'எது வேணும்?'னு கேட்டுச்சு... யாரை? காலி வீட்டை! பதில் சொல்ல ஆளில்லாம அப்படியே நிக்குது. அங்க அவரு, முடிச்சுவெச்ச அத்தியாயத்தை எடுக்க முடியாம, முழுசையும் திரும்ப உக்காந்து எழுதியிருக்காரு. வந்ததும் ஆடுனாரு பாருங்க ஒரு ஆட்டம்!

'எனக்கு வேகம்தான்'ங்குறாரு. 'தேர்ந்தெடுக்குறது என் உரிமை'ங்குறா இவ. சாப்பாட்டு மேசையில எனக்குத்தான் ரெண்டு பக்கமும் இடி. உப்பு வேணும்னாக்கூட என் வழியாத்தான் கேக்குறாங்க.

என்ன தம்பி... யாரு கடைசியா கை வெச்சதா? அது... கதவைக் கொஞ்சம் சாத்துங்க.

நான்தான். ரெண்டு பேருக்கும் பொதுவா, அந்தத் திரை அஞ்சு செகண்டு மட்டும் நிக்குற மாதிரி வெச்சுடலாம்னு உள்ள போனேன். என்னத்தையோ அழிச்சுட்டேன். இப்ப ரெண்டுமே வரலை, வெறும் இருட்டு. ஆனா ஒண்ணு, 'எப்படிப் போச்சு?'ன்னு அப்பாவும் பொண்ணும் காலையிலேருந்து தலையோட தலை சேத்துக்கிட்டுப் பேசுறாங்க, சிரிக்கக்கூட செஞ்சாங்க தம்பி!

அதனால... சரிபண்ணிடுங்க. ஆனா அவசரமே இல்லை. ரெண்டு நாள் கழிச்சே குடுங்க. போன் பண்ணிக் கேட்டாங்கன்னா, மெஷினுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிடுங்க, என்ன?