தம்பி அனுப்பிய வினைச்சொற்கள்

ஐந்தாம் வகுப்போடு நின்று மூன்று கடை கட்டியவன் நான். பேச்சைக் கேட்டே ஆளை எடைபோடுவேன். நாகர்கோவில் பஸ்ஸில் முன் இருக்கையில் ஓர் ஆராய்ச்சி மாணவியும், துபாயிலிருந்து லீவில் வந்த அவள் தம்பியும்.

“எக்கா, உனக்க ஆராய்ச்சிக்குன்னு எனக்க ரூம்ல இருந்த உஸ்பெக்குக்காரன் சொன்னதா அனுப்புன வினைச்சொல்லு பத்தும் பொய்யாக்கும். நீ கேக்கதுக்கு முன்னயே அவன் ஊருக்குப் போயிட்டான். பக்கத்து ரூம் துருக்கிக்காரன் அவன் பாஷையில சொன்னதையே கொஞ்சம் மாத்தி அனுப்பினேன்.”

“ஏலே, ரெண்டு பாஷையையும் ஒப்பிட்டுத்தானே ரெண்டுக்கும் தாயான பழைய சொல்லு இன்னதுன்னு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்! நாளைக்குக் கொடுக்கணும். அச்சா பொருந்துச்சுன்னு துள்ளினேனே!”

“நீ துள்ளுனதுலதான் சொல்ல நாக்கு எழும்பல்ல.”

அவள் பேராசிரியருக்குப் போன் போட்டாள். “சார், அந்த அத்தியாயம் தப்பு. நான் சரிபார்க்கல்ல.”

தம்பி பெயரை அவள் எடுக்கவே இல்லை. அவன் எழுந்து, ஸ்டாப் வருமுன்னே படிக்கட்டில் போய் நின்றான்.