மேல் ஓடையில் ஒரு பூஜ்யம்

பழைய மோட்டார் சைக்கிளை உதைக்கிறவர்கள் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள், சார்ஜென்ட். கிக்கரை மெல்ல அழுத்தி, பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தைக் காலாலேயே கண்டுபிடித்து, அப்புறம் ஒரே உதை. அவ்வளவுதான். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்: டெஸ்மண்ட் ரேஸ்ட்ரிக், வயது அறுபத்தெட்டு, மேல்பள்ளத்தாக்கு மோட்டார் கிளப்பின் செயலாளர்.

எங்கள் போட்டியில் வேகத்துக்கு வேலை இல்லை. பாறை, சேறு, ஓடை எல்லாவற்றிலும் கால் ஊன்றாமல் வண்டியை ஏற்ற வேண்டும். ஒரு முறை ஊன்றினால் ஒரு மார்க் போச்சு, நின்றுவிட்டால் ஐந்து. ஊன்றாமலே ஏறினால் பூஜ்யம். பூஜ்யத்துக்காக உயிரை விடும் கூட்டம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான். ஒவ்வொரு ஏற்றத்திலும் அட்டையும் பென்சிலுமாக ஒரு பார்வையாளர் நிற்பார். அவர் பார்க்காதது நடக்காதது.

இதில் 1955க்கு முந்தைய வண்டிகளுக்கென்று தனி வகுப்பு உண்டு. ஒரு காலத்தில் முப்பது வண்டி வரும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் போன வருஷம் ஐந்து. இந்த வருஷம் ஆறு வண்டி முழுச்சுற்றையும் முடிக்காவிட்டால் வகுப்பையே மூடிவிடுவோம் என்று கமிட்டி முடிவெடுத்தது. பழைய வண்டிகளை மறுபடி களத்துக்கு வரவழைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டே போனேன்.

ஆறாவது வண்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்ப்ரோஸ் கியர்ட்டன் வீட்டு வரவேற்பறையில், போர்வைக்கு அடியில். 1952 புல்லட். மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் பழக்கேக்கும் பாலாடைக்கட்டியுமாகப் போய், அந்தப் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவேன். அம்ப்ரோஸுக்கு எழுபத்தொன்பது வயது. நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். தனக்குப் பிறகு வண்டி டெஸ்மண்டுக்கு என்று உயில் எழுதியிருந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஏப்ரலில் மனிதர் நகர்ந்தார்.

"வரேன், பையா. ஆனா ஒரே உதைதான். ரெண்டாவது உதைக்கு டாக்டர் அனுமதி குடுக்கல" என்றார். ஊருக்கே தெரியும், அந்த வண்டிக்கு இரண்டாவது உதை தேவைப்பட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நல்ல மழை. எழுபது வயதுக்காரர்கள் ஓடையில் குப்புற விழுந்து, எழுந்து, ஒருவர் ஹெல்மெட்டில் இருந்த தண்ணீரை இன்னொருவர் பூட்ஸில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிடா பார்வையாளரின் மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அம்ப்ரோஸ் சின்னப் பையன் மாதிரி கூவிக்கொண்டு ஒன்பது ஏற்றங்களை நான்கே மார்க் இழப்பில் முடித்தார். புல்லட்டின் டுப்டுப் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் அவர் பன்றியிறைச்சி அப்பத்தைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "இதான் கடைசி, பையா. நாளைக்கு மியூசியத்துலேர்ந்து வேன் வருது. கையெழுத்துப் போட்டதும் கண்ணாடிப் பெட்டிதான். மேல லைட்டு, பக்கத்துல என் போட்டோ. எண்ணெய் எல்லாம் வடிச்சுருவாங்களாம்."

"அப்ப உயில்?"

"அட, உனக்கு என் ஹெல்மெட் தரேன்டா. தலை பெருசா இருந்தா என்னைக் குத்தம் சொல்லாத."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஓடுகிற வண்டியின் எண்ணெயை வடித்துக் கண்ணாடிக்குள் நிற்க வைப்பதற்கு என்ன பெயர், சார்ஜென்ட்? நான் அதைக் கொலை என்பேன். அதைத் தடுக்க எனக்கு ஒரு மதியம்தான் இருந்தது.

கடைசி ஏற்றம் மேல் ஓடை. அங்கே மட்டும் எங்கள் கிளப்பில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்து நிறுத்தி, கொடி அசைந்ததும் உதைத்துக் கிளம்ப வேண்டும். அம்ப்ரோஸ் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு டீ வாங்கப் போயிருந்தார். நான் அவருடைய அப்பம் சுற்றியிருந்த எண்ணெய்த்தாளில் நகம் அளவுக்கு ஒரு துண்டு கிழித்தேன். பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் பாயிண்டின் மூடியைக் கையாலேயே கழற்றலாம். தாளைப் பாயிண்டுக்கு நடுவே செருகி மூடினேன். தாள் இருக்கும்வரை தீப்பொறி வராது. ஒரு நிமிஷ வேலை.

கொடி அசைந்தது. முதல் உதை. ஒன்றுமில்லை. அம்ப்ரோஸ் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். இரண்டாவது உதைக்கு ஜனங்கள் எண்ண ஆரம்பித்தார்கள். ஆறு, ஏழு, எட்டு என்று ஒரே கும்மாளம், கைதட்டல். பதினான்காவதில் நின்று என்னைப் பார்த்தார்.

"பையா, பிளக் வயரைப் பாரு."

குனிந்து பார்த்தேன். "மாட்டித்தான் இருக்கு."

"பாயிண்ட்?"

"இப்பதான் பாத்தேன். பளபளன்னு இருக்கு. உதைங்க."

என்னை நம்பினார். நாற்பது வருஷப் பழக்கம். இருபத்துமூன்றாவது உதைக்குப் பிறகு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். அதிலும் பாருங்கள், கீழே போடவில்லை. புல்லில் உட்கார்ந்து, "ரெண்டாவதுக்கே அனுமதி இல்லையேப்பா" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் பக்கவாட்டில் சாய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தது.

ஆம்புலன்ஸ் கீழே வாசல்வரைதான் வர முடியும். அவரைத் தடுப்புப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். மேல் ஓடையின் பார்வையாளர் எனிட் தாக்ரேயும் அட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். மணி இரண்டு ஐம்பது. மூன்று மணிக்கு ஏற்றம் மூடப்படும், ஆறாவது வண்டி இன்னும் முடிக்கவில்லை. விதியில் வண்டி முடிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, ஓட்டுகிறவர் யார் என்று இல்லை. அந்த விதியை எழுதியவன் நான்.

தாளை உருவினேன். ஒரே உதை. டுப்டுப்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. வழுக்குப் பாறை, முழங்கால் தண்ணீர், வேர்கள், மேலே அந்தக் கோணல் படி. வண்டி தானாகவே ஏறியது. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனேன். கால் ஊன்றவில்லை. முப்பத்தொரு வருஷமாக மேல் ஓடையில் நான் பூஜ்யம் எடுத்ததில்லை. உச்சியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் ஆட்கள் ஒருவரும் இல்லை. ஆடுகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இறுதிச் சடங்கில் நான்தான் பேசினேன், நன்றாகப் பேசினேன் என்றார்கள். உயில்படி வண்டி என் கொட்டகைக்கு வந்துவிட்டது. யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. நேற்று முடிவுப் பட்டியல் வந்தது: ஆறாவது வண்டி, முடிக்கவில்லை. வகுப்பு மூடப்பட்டது. எனிட்டிடம் போய்க் கெஞ்சினேன். "நான் பாக்கலையே டெஸ்மண்ட். பாக்காததுக்கு எப்படி மார்க் போட?" என்றாள். அவள் பேரில் தப்பில்லை, சட்டம் அதுதான்.

அதனால்தான் வந்தேன். வாக்குமூலம் என்றால் எனிட் பார்க்காததை நீங்கள் போய்ப் பார்த்துச் சரிபார்த்தாக வேண்டும் இல்லையா. டயர் தடம் இன்னும் ஓடைக் கரையில் இருக்கிறது, கால் தடம் இல்லை. தாள் துண்டு இதோ என் பர்ஸில். அம்ப்ரோஸைக் கொன்றவன் நான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் எதையும் எனக்காகச் செய்யவில்லை, பழைய வண்டிகளுக்காகத்தான் செய்தேன். மேல் ஓடை, பூஜ்யம் என்பதை மட்டும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இதோ மார்க் அட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். ஓட்டியவர் என்ற இடத்தில் அம்ப்ரோஸ் பெயர் இருக்கும், அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.