முகம் துடைத்தால்தான் பேசும்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியை அவர்களே! அறிவூட்டும் ஆசிரியர்களே! வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடிவந்திருக்கும் அன்னையரே! இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் தந்தையரே! கைபேசியை அணைத்து வைத்திருக்கும் நல்லவர்களே! இன்னும் அணைக்காதவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"நான் வியக்கும் ஒருவர்" என்பது தலைப்பு. விண்ணில் பறந்தவரைப் பற்றிப் பேசப் போவதில்லை. வெற்றிக்கோப்பை வென்றவரைப் பற்றியும் இல்லை. என் அக்காவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என் குரல் நடுங்குவது உங்களுக்குக் கேட்கிறதா? கேட்கட்டும். இந்தக் கதையே கேட்காமல் போன ஒரு குரலைப் பற்றியதுதான்.

என் அம்மா இந்தப் பள்ளியின் பேருந்து ஓட்டுநர். என் அக்கா ஒரு சிறிய அலுவலகத்தில் கைபேசிச் செயலி செய்பவள். பள்ளிப் பேருந்துகளுக்கு ஒரு செயலி வேண்டுமென்று போக்குவரத்து அலுவலகம் கேட்டது. போக்குவரத்து அலுவலகத்தின் வலைப்பக்கம் ஒன்று அந்தச் செயலிக்குள்ளேயே திறந்திருக்கும். எந்தத் தெரு அடைப்பு, எந்த வகுப்பு சீக்கிரம் விடுகிறது என்று ஏதாவது அறிவிப்பு வந்தால், அந்தப் பக்கம் வாய்விட்டுச் சொல்லும். ஓட்டுநர் திரையைப் பார்க்க வேண்டாம். காதைக் கொடுத்தால் போதும். அக்கா தானே பொறுப்பேற்றுச் செய்த முதல் வேலை அது. எங்கள் வீட்டில் அன்று எவ்வளவு பெருமை! எவ்வளவு பூரிப்பு!

சோதனைக்காக அந்தச் செயலி உள்ள கைபேசி ஒன்றை அம்மாவின் பேருந்தில் பொருத்தினார்கள். அக்காவின் அலுவலகத்தில் கணீரென்று பேசிய செயலி, பேருந்தில் ஏறியதும் வாயை மூடிக்கொண்டது. மறுநாள் பேசியது. அதற்கு மறுநாள் மௌனம். ஏன் இந்த ஊடல்? யார் மேல் இந்தக் கோபம்?

ஒரு மழைநாளில் மழலையர் வகுப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அறிவிப்பு திரையில் வந்தது, ஒலியாக வரவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிய அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வாசலில் பிள்ளைகள் நனைந்துகொண்டே நின்றார்கள். போக்குவரத்து மேற்பார்வையாளர் கொதித்துப் போனார்.

"நாளைக்கும் இது ஊமையா இருந்துச்சுன்னா கழட்டி எறிஞ்சிடுவேன். வேற ஆளைப் பார்த்துக்குறேன்" என்றார்.

அன்று அக்கா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். வாய்க்குப் போகவில்லை. அம்மாதான் பேச்சைத் தொடங்கினாள்.

"ஏன்டி, உன் ஆப்பு ரொம்ப மினுக்குக்காரிடி. காலையில துணியால முகத்தைத் துடைச்சு விட்டா அன்னிக்கு முழுக்கப் பேசுறா. அவசரத்துல துடைக்காம கிளம்பிட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குறா."

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால் அக்கா பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள்.

"அம்மா, துடைக்கும்போது உன் விரல் திரையில படுதா?"

"படாம? பின்ன காத்துலயா துடைப்பாங்க?"

அவ்வளவுதான்! பிடிபட்டுவிட்டது!

அன்பர்களே, வலைப்பக்கங்கள் ஒரு காலத்தில் வாயாடிகளாக இருந்தன. அமைதியான நூலகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால், கேட்காமலே ஒரு விளம்பரம் கத்தும். அதனால் கைபேசிகள் கட்டுப்பாடு வைத்தன: மனித விரல் தொடாதவரை எந்தப் பக்கமும் வாய் திறக்கக் கூடாது. செயலிக்குள் குடியிருக்கும் பக்கத்துக்கும் அதே கட்டுப்பாடு. அக்காவின் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் நுழைவுப் பொத்தானைத் தட்டித்தான் சோதித்தார்கள். விரல் பட்டது, ஒலி வந்தது. பேருந்திலோ முன்பே நுழைந்து வைத்த கைபேசி. தொட ஆளில்லை. செய்தவர்களின் விரலே செய்தவர்களின் கண்ணை மறைத்துவிட்டது!

அக்காவோடு வேலை செய்யும் நெட்டையண்ணன் கைபேசியில் சொன்னது எனக்கும் கேட்டது. "இதுக்கா இவ்ளோ டென்ஷன்? அம்மாவைத் தினமும் ஒரு தட்டுத் தட்டச் சொல்லிடு. வேலை முடிஞ்சுது."

"இல்லண்ணா. நடுவுல பக்கம் புதுசா திறந்துச்சுன்னா மறுபடி தட்டணும். ஓட்டுறவங்க கை ஸ்டியரிங்லதான் இருக்கணும். என் வேலை நடக்கறதுக்காக அவங்க கை அதை விட்டு வரக் கூடாது."

இதற்குத்தான் வியக்கிறேன்! செயலி செய்ததற்காக அல்ல. ஒலி வந்ததற்காகவும் அல்ல. எளிய வழி எதிரில் கிடந்தும், "கூடாது" என்று சொன்னாளே, அந்த ஒரு சொல்லுக்காக!

பக்கத்துக்குத்தான் பூட்டு; செயலிக்குச் சொந்தக்காரர் அதைத் திறக்கலாம். அக்கா செயலியின் அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினாள்: தொடாமலும் ஒலிக்கலாம். அதோடு நிறுத்தினாளா? போக்குவரத்து அலுவலகத்தின் பக்கத்தைத் தவிர வேறெந்தப் பக்கமும் உள்ளே நுழையாதபடி கதவையும் சாத்தினாள். "பூட்டு தப்பு இல்லடி. அது எதுக்கு இருக்குன்னு தெரியாம திறக்கறதுதான் தப்பு" என்றாள் என்னிடம்.

மறுநாள் காலை மேற்பார்வையாளரே பேருந்தில் ஏறினார். அக்கா அவரிடம் நேராகச் சொன்னாள்: "போன் மேல குறை இல்ல சார். நாங்க தட்டித் தட்டியே பார்த்துட்டோம். தப்பு என்னோடது. சரி பண்ணிட்டேன்." பிறகு முன்னிருக்கையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். துடைக்கும் துணியை அம்மா எடுத்து என்னிடம் எறிந்தாள். "இன்னிக்கு இவளுக்கு மேக்கப்பு கிடையாது!"

பேருந்து நகர்ந்தது. பேச்சில்லை. சந்தைத் திருப்பம் தாண்டியது. பேச்சில்லை. அக்காவின் கட்டிய கைகளுக்குள் விரல்கள் வெளுத்துப் போயின. எனக்கோ எட்டிப் போய் ஒரு தட்டுத் தட்டிவிடலாமா என்று இருந்தது. அப்போது, யாரும் தொடாமல், யாரும் துடைக்காமல், அந்தக் குரல் வந்தது:

"பாலத்தெரு அடைப்பு. வலப்பக்கம் திரும்பவும்."

அம்மா வலப்பக்கம் திரும்பினாள். பேருந்து முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல்! மேற்பார்வையாளர், "எல்லா வண்டியிலயும் போட்டுடும்மா" என்றார். அக்கா கட்டிய கையை அவிழ்க்க மறந்து அப்படியே தலையாட்டினாள். அன்று முதல் அவள் அலுவலகத்தில் எந்தச் செயலியையும் ஒருமுறை கைகட்டி நின்று சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள்.

நண்பர்களே, வகுப்பில் விடை தெரிந்தும் வாய் திறக்காதவள் நான். என் பெயரைக் கூப்பிட்டால் மேசைக்கடியில் பென்சில் தேடுகிறவள். இந்தப் பேச்சை எழுதியதுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். இன்று காலை பேருந்திலிருந்து இறங்கும்போது அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினாள். அதே துணி. என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"போ. துடைச்சாச்சு. இனிமே பேசுவ" என்றாள்.

பேசிவிட்டேன், அம்மா.

பொறுமையோடு செவிகொடுத்த பெரியோர்க்கும், சிரித்துத் தைரியம் தந்த தோழியர்க்கும், வாசலில் பேருந்தை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஓட்டுநருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!