ஆரஞ்சு பீர், இரண்டு பாட்டில்

குளிர்காலத்து பீரை ரொம்ப ஜில்லென்று குடிக்கக் கூடாதாம். ஐஸில் வைத்தால் வாசம் செத்துவிடும் என்று எங்கள் எஸ்டேட் முதலாளியின் மகள் கீர்த்தனா சொல்வார். பெங்களூரில் வேலை பார்க்கிறவர். வருஷா வருஷம் மார்கழியில் சிநேகிதர்களோடு ஏற்காட்டுக்கு வந்து, தாங்களே காய்ச்சிய பீர்களைப் பங்களா முற்றத்தில் வரிசையாக வைத்து ருசி பார்ப்பார்கள். ஒன்றில் எங்கள் காப்பிக்கொட்டை, ஒன்றில் பட்டை, ஒன்றில் ஆரஞ்சுத் தோலும் மிளகும். சின்னக் கிளாஸில் ஊற்றி, சுழற்றி, மோந்து பார்த்து, ஒரு வாய். அந்த ஒரு வாய்க்கு அரைமணி நேரம் பேச்சு. கிளாஸ் கழுவுவது நானும் சுப்பிரமணியும்.

சுப்பிரமணி என் கூட்டாளி. மிளகு பறிக்க ஏணி சுமப்பதும் ஒன்றாக, சாயங்காலம் குடிக்கப் போவதும் ஒன்றாக. போன ஆடியில் அவன் ரத்தவாந்தி எடுத்தான். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஈரல் தாங்காது என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அவன் மனைவி முத்தாயி கோயிலுக்கு இழுத்துப்போய்ப் பூசாரி கையால் கயிறு கட்டவைத்தாள். குடியை விடுகிறவர்கள் இங்கே அப்படித்தான் செய்வார்கள். மணிக்கட்டில் அந்தக் கயிறு இருக்கும்வரை தொட மாட்டார்கள்.

கயிறு கட்டியபின் அவன் முகம் தெளிந்தது. மேஸ்திரி ஆக்கினார்கள். காலையில் அவன் வேலை பிரித்துக் கொடுப்பான், நான் வரிசையில் நிற்பேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒருநாள் பறிப்புப் பெண்கள் முன்னால், "நீயும் ஒரு கயிறு கட்டிக்கடா, நானே கூட வர்றேன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

"அவருக்குக் கயிறு பத்தாதுங்க, மாடு கட்டற சங்கிலிதான் வேணும்" என்றாள் அவர்களில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. கூடக் குடித்த ஆள் போனபிறகு தனியாகக் குடிப்பது பெரிய சங்கடம். பழைய சுப்பிரமணி ஒரு சாயங்காலமாவது திரும்பி வரவேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

இந்த மார்கழியில் பெங்களூருக்குக் கிளம்பும்போது கீர்த்தனா என்னிடம் இரண்டு பாட்டில் கொடுத்தார். இரண்டும் ஆரஞ்சு, நிறமும் ஒன்றே.

"இது உங்களுக்குங்கண்ணா. இது சுப்பிரமணி அண்ணனுக்கு, போதை இல்லாம தனியாச் செஞ்சது. தாள்ல எழுதி ஒட்டியிருக்கேன். நீங்க படிப்பீங்கல்ல, பாத்துக் குடுங்க."

நான் தலை நரைத்தபிறகு இரவுப் பள்ளியில் இன்பமேரி டீச்சரிடம் எழுத்துக் கற்றவன். சுப்பிரமணிக்கு எழுத்து தெரியாது. மாத்திரை அட்டையோ பஸ் போர்டோ, என்னைத்தான் படிக்கச் சொல்வான்.

காப்பி உலர்த்தும் களத்தில், வெயில் இருக்கும்போதே உட்கார்ந்தோம். பங்களாக்காரர்கள் மாதிரி டம்ளரைச் சுழற்றினான்.

"ஏண்டா, என்ன வாசம்னு சொன்னாத்தான் குடிக்க உடுவாங்களாமா?" என்று சிரித்தான். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். "தொண்டை சுடுதே."

"மிளகுடா."

"தாளைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"என்ன போட்டிருக்குது?"

"போதை இல்லைன்னு போட்டிருக்குது."

கயிறு கட்டிய கையால் மறுபடி எடுத்தான். நான் படித்துச் சொன்னதை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

பாட்டில் முடியும்போது அவனுக்கே தெரிந்துவிட்டது. வெகுநேரம் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, நாக்குக் குழற, என் தோளில் கை போட்டான்.

"எழுத்துக்கூட்டிப் படிச்சதுல தப்பாப் போயிருச்சாட்ட இருக்குது. உடுடா. யாருகிட்டயும் சொல்லாத, உன்னயத்தான் நொம்பச் சிரிப்பாங்க."

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை, பிராந்திக் கடைக்குப் போனான். அதன்பிறகு நிற்கவில்லை. தை முடியுமுன் செத்துப் போய்விட்டான். என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சாமிகிட்டக் குடுத்த வாக்கை மீறிட்டாருங்கண்ணா" என்றாள் முத்தாயி. எஸ்டேட்டே அவனை அப்படித்தான் பேசுகிறது. ஆமாங்க என்றேன்.

கீர்த்தனா போனில், பாட்டில் மாறிப்போச்சா என்று கேட்டார். கண்ணு மங்கலுங்க, மாறிப்போச்சுங்க என்றேன். அழுதார். என்னை ஒன்றும் சொல்லவில்லை.

மாறவில்லை. இரண்டு தாளையும் நிதானமாகப் படித்தேன். கூடக் குடிக்க ஆளில்லாமல்தான் செய்தேன் என்று இதுவரை எனக்கே சொல்லிவந்தேன். ஆனால் அவனுக்கென்று செய்த பாட்டிலைத்தான் அன்று நான் குடித்தேன். அவன் விழுவதைத் தெளிவாக இருந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது.